பதினோரு அட்டைப்பெட்டி, பதினாலு மாதம்: ஒரு கறுப்பினப் பெண்கள் சங்கத்தின் பழைய காகிதங்களோடு நான் பட்ட பாடு

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பதினாலு மாதம் ஆனது. கையிலிருந்து போன பணம் 3,140 டாலர். அதில் 510 டாலர்தான் உருப்படியான செலவு, மீதி எல்லாம் யாராவது முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்காது. நடுவில் ஒரு குடும்பத்தோடு மனக்கசப்பு, ஒரு ராத்திரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அழுகை வேறு. இத்தனையும் பக்கத்து வீட்டு பேஸ்மென்ட்டில் கிடந்த பதினோரு அட்டைப்பெட்டிகளுக்காக. உங்களுக்குத் தெரிந்த ஒரு சங்கமோ மன்றமோ இருக்கும், அதன் பழைய நோட்டுகளை "நீதான் கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளாச்சே" என்று ஒருநாள் உங்கள் தலையில் கட்டுவார்கள். தலையாட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

நாங்கள் இருப்பது மேரிலாந்தில், வாஷிங்டனை ஒட்டிய பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டி. கறுப்பின மக்கள் அதிகமாக வாழும் பகுதி. பக்கத்து வீட்டில் 84 வயது ஓய்வுபெற்ற டீச்சர். தெருவே அவரைப் பெயருக்கு முன்னால் 'மிஸ்' போட்டுத்தான் கூப்பிடும். இங்கே பெயர் வேண்டாம், பெரியம்மா என்றே எழுதுகிறேன். அவர் 'நேஷனல் கவுன்சில் ஆஃப் நீக்ரோ விமன்' என்ற கறுப்பினப் பெண்கள் அமைப்பின் உள்ளூர்க் கிளையில் ஐம்பது வருடத்துக்கு மேலாக இருப்பவர். 'நீக்ரோ' என்ற சொல்லை இன்றைக்கு இங்கே யாரும் வாயால் சொல்வதில்லை, ஆனால் 1935-இல் வைத்த பெயரை அவர்கள் மாற்றவில்லை. ஏன் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "பெயரை மாத்திட்டா அந்தப் பெயர்ல வேலை செஞ்சு செத்தவங்களை எல்லாம் எங்கே பேபி கொண்டுபோய் வைக்கிறது?" என்றார். அவருக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகியிருந்தது, பேஸ்மென்ட்டில் தண்ணீர் கசிகிறது, மகன் எல்லாவற்றையும் குப்பை வண்டியில் ஏற்றத் தயாராக நிற்கிறார். கிளையின் ஆண்டு விழா வேறு வருகிறது. இதை எல்லாம் ஸ்கேன் பண்ணி ஒரு சின்ன வரலாறு எழுதித் தர முடியுமா என்று கேட்டார். ஒரே மாதத்தில் முடித்துவிடலாம் என்று சொன்னேன். அந்த வாயை என்ன சொல்வது.

முதல் தப்பு முதல் வாரத்திலேயே நடந்தது. நான் பதினெட்டு வருடமாக மென்பொருள் வேலை பார்க்கிறவள், கலைந்து கிடப்பதை அடுக்கினால்தான் எனக்குத் தூக்கம் வரும். பதினோரு பெட்டியையும் எங்கள் கராஜ் தரையில் கவிழ்த்து, வருடவாரியாகப் பிரித்தேன். கடிதம் ஒரு பக்கம், ரசீது ஒரு பக்கம், போட்டோ ஒரு பக்கம். துருப்பிடித்த குண்டூசிகளைப் பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டேன், டப்பா நிறைந்ததும் ஒரே பெருமை. பெரியம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு பார்க்க வந்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஒரு ரசீதைக் கையில் எடுத்து, "இது எந்த லெட்டரோட குத்தியிருந்தது?" என்றார். செருப்புக் கடை ரசீது, 18 டாலர் 40 சென்ட். எனக்குத் தெரியவில்லை. குத்தியிருந்த கடிதத்தில்தான் அது யாருக்கு வாங்கிய செருப்பு, எதற்கு வாங்கியது என்று இருந்திருக்கிறது. மூன்று வாரம் தேடி ரசீதின் மூலையில் இருந்த துருக்கறையை வைத்துத்தான் அந்தக் கடிதத்தைக் கண்டுபிடித்தேன், கடிதத்திலும் அதே இடத்தில் அதே கறை. பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொள்ள ஷூ இல்லாத மூன்று பிள்ளைகளைப் பற்றி ஒரு டீச்சர் எழுதிய கடிதம். அப்படி ஜோடி சேர்க்க முடிந்தது கொஞ்சம்தான். பிரிந்தது பிரிந்ததுதான் என்று ஆனவை நூற்றுக்கு மேல் இருக்கும்.

ஆகவே முதல் விஷயம்: பெட்டியைக் கவிழ்க்காதீர்கள். மூடியைத் திறந்ததும் மேலிருந்து செல்போனில் ஒரு போட்டோ எடுங்கள், பெட்டிக்கு எண் போடுங்கள், உள்ளே இருக்கும் உறைகளுக்கும் மேலிருந்து கீழாக எண் போடுங்கள். எவ்வளவு தாறுமாறாகத் தெரிந்தாலும் அந்த வரிசை யாரோ ஒரு பொருளாளர் வைத்த வரிசை, அதற்கு ஒரு காரணம் இருக்கும். துருப்பிடித்த குண்டூசியை எடுக்கத்தான் வேண்டும், விட்டால் காகிதத்தைத் தின்றுவிடும். ஆனால் எடுத்த கையோடு அது பிடித்திருந்த காகிதங்களை ஒரு வெள்ளைத் தாளை மடித்து அதற்குள் சேர்த்தே வையுங்கள். சொல்வதற்கு இவ்வளவுதான், எனக்கு இரண்டு மாதம் போயிற்று.

அடுத்தது வரலாறு. எனக்கு மார்ட்டின் லூதர் கிங் தெரியும், ரோசா பார்க்ஸ் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. மூன்றாவது பெட்டியில் இரண்டு விதமான துண்டுப் பிரசுரங்கள் இருந்தன, இரண்டையும் ஒரே அமைப்பு என்று எடுத்துக்கொண்டேன். ஒன்று 'நேஷனல் அசோசியேஷன் ஆஃப் கலர்டு விமன்'. அது 1896-இல் வாஷிங்டனில் ஆரம்பித்தது. அதற்கு முந்தின வருடம் மிசூரியில் ஒரு பத்திரிகையாளர் சங்கத் தலைவர், கறுப்பினப் பெண்கள் எல்லாரும் ஒழுக்கங்கெட்டவர்கள், திருடிகள் என்று ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அதைப் பார்த்துக் கொதித்துப்போய் ஜோசஃபின் செயின்ட் பியர் ரஃபின் என்பவர் பாஸ்டனில் மாநாடு கூட்டினார், அதிலிருந்து கிளம்பியதுதான் இது. முதல் தலைவர் மேரி சர்ச் டெரல். மழலையர் பள்ளி, வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளுக்குக் காப்பகம், முதியோர் இல்லம் என்று ஊர் ஊராக நடத்தினார்கள். 'நாம் ஏறும்போதே மற்றவரையும் தூக்கிவிடுவோம்' என்பது அவர்கள் வாசகம். இன்னொன்று பெரியம்மாவின் கவுன்சில். அது 1935 டிசம்பர் 5 அன்று நியூயார்க் ஹார்லெமில் மேரி மக்லாய்டு பெத்யூன் ஆரம்பித்தது. பெத்யூனே 1924 முதல் 1928 வரை அந்தப் பழைய அமைப்புக்குத் தலைவராக இருந்தவர்தான். ஆனால் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் சங்கங்களை எல்லாம் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்து, வாஷிங்டன் அரசாங்கத்தின் காதில் விழும்படி ஒரே குரலில் பேசவேண்டும் என்று தனியாக இதைக் கட்டினார்.

இதெல்லாம் இப்போது சரளமாக எழுதுகிறேன். அப்போது, டெரல்தான் கவுன்சிலின் முதல் தலைவர் என்று எழுதி, இணையத்தில் கிடைத்த ஒரு படத்தை பெத்யூன் என்று போட்டு, பன்னிரண்டு பக்கச் சிறு நூலாக 150 பிரதி அச்சடித்துக்கொண்டு பெரியம்மா முன்னால் போய் நின்றேன். ஆச்சரியம் கொடுக்க வேண்டுமாம் எனக்கு. அவர் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். டீச்சர் அல்லவா, சிவப்புப் பேனா கேட்டார். நாலாவது பக்கத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இந்தப் படத்துல இருக்கறவங்க யாருன்னு எனக்குத் தெரியல பேபி, ஆனா மிசஸ் பெத்யூன் இல்ல" என்றார். 640 டாலர் மறுசுழற்சித் தொட்டிக்குப் போயிற்று. அச்சுக்குக் கொடுக்கும் முன் குறைந்தது இரண்டு மூத்த உறுப்பினர்கள் வரிவரியாகப் படிக்கட்டும். இணையத்தில் படமும் பொன்மொழியும் எடுத்தால், அது ஒரு நூலகத்தின் அல்லது அருங்காட்சியகத்தின் பக்கத்தில் பெயரோடும் தேதியோடும் இருந்தால் மட்டும் எடுங்கள். 'ஆச்சரியம்' என்பது பிறந்தநாளுக்குச் சரி, வரலாற்றுக்குச் சரிப்படாது.

சரி, ஸ்கேன் பண்ணும் கதைக்கு வருவோம். சீக்கிரம் முடியட்டும் என்று காகிதத்தை வரிசையாக இழுத்துக்கொள்ளும் ஸ்கேனர் ஒன்று 310 டாலருக்கு வாங்கினேன். மூன்றாம் நாளே வெங்காயத்தோல் மாதிரி இருந்த ஒரு கார்பன் நகலைச் சுருட்டிக் கிழித்துவிட்டது. 1960-களில் தட்டச்சு செய்த கடிதங்களின் நகல் பெரும்பாலும் இந்த மெல்லிய தாளில்தான் இருக்கும், இழுக்கும் ஸ்கேனர் அதற்கு எமன். அப்புறம் பயந்துபோய் போட்டோக்களை எல்லாம் ஒரு கடையில் கொடுத்தேன், 780 டாலர். பளபளவென்று வந்தன. ஆனால் பின்பக்கத்தை யாரும் ஸ்கேன் பண்ணவில்லை, ஓரங்களை அழகாக வெட்டிவிட்டிருந்தார்கள், திரும்பி வந்த அசல்கள் வேறு வரிசையில் இருந்தன. போட்டோவின் பின்னால்தான் யார் யார், எந்த வருடம், யார் வீட்டுப் புழக்கடை என்று பென்சிலில் எழுதியிருக்கும். முன்பக்கத்தில் தொப்பி போட்ட பதினாறு பெண்கள் சிரிக்கிறார்கள், அவ்வளவுதான். நான் சொல்லாதது என் தப்பு, கடைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. மறுபடி 230 டாலருக்கு ஒரு தட்டைக் கண்ணாடி ஸ்கேனர் வாங்கி எல்லாவற்றையும் நானே செய்தேன்.

அதில் கற்றுக்கொண்டதை ஒரே மூச்சில் சொல்கிறேன். ஸ்கேனின் நுணுக்கத்தை டிபிஐ என்ற அளவில் சொல்வார்கள், எழுத்துக் காகிதத்துக்கு 300 டிபிஐ போதும், போட்டோவுக்கு 600. சேமித்து வைக்கும் பிரதி டிஃப் கோப்பாக இருக்கட்டும், எல்லாருக்கும் அனுப்ப ஜேபெக் போதும். முன்பக்கம், பின்பக்கம், உறை, மூன்றும் அடுத்தடுத்த எண். பசைபோட்ட பக்கங்கள் உள்ள பழைய ஆல்பத்திலிருந்து போட்டோவை நகத்தால் பிய்க்காதீர்கள், பல்லிடுக்கில் விடும் நூல் இருக்கிறதே, அதைப் போட்டோவுக்கு அடியில் விட்டு ரம்பம் மாதிரி மெதுவாக அறுத்தால் வந்துவிடும், அதற்கும் வராவிட்டால் ஆல்பத்தோடு சேர்த்தே ஸ்கேன் பண்ணுங்கள். எதையும் லேமினேட் பண்ணாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். காகிதத்துக்குக் கையுறை வேண்டாம், கழுவித் துடைத்த கை போதும், துணிக் கையுறை போட்டால் ஓரம் மாட்டிக் கிழியும். வெளியே கொடுப்பதாக இருந்தால் முதலில் பத்தே பத்துப் படம் கொடுத்துப் பாருங்கள்.

இப்படி ஒவ்வொரு தாளாக வைத்து எடுத்தபோதுதான் நான் உண்மையில் படிக்கவே ஆரம்பித்தேன். கூட்டக் குறிப்பு நோட்டுகளில் பேச்சு கம்மி, கணக்குதான் அதிகம். நம் ஊர்ச் சீட்டு நோட்டு கெட்டது போங்கள், இருபத்தைந்து சென்ட் சந்தாவுக்குக்கூட ரசீது. வருடா வருடம் நவம்பரில் 'பை விற்பனை' என்று ஒரு வரவு. துணிப்பை இல்லை, சர்க்கரைவள்ளிக்கிழங்கை மாவுக்குள் வைத்துச் சுடும் 'பை' என்ற இனிப்பு. ஏன் எப்போதும் இதே பண்டம் என்று கேட்டேன். பெத்யூன் 1904-இல் ஃபுளோரிடா டேடோனாவில் கையில் ஒன்றரை டாலரோடு ஐந்து சிறுமிகளை வைத்துப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தவர், கட்டடத்துக்குப் பணம் சேர்க்க இந்தப் பையைச் செய்து விற்றவர் என்றார் பெரியம்மா. அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்குப் பதினேழு பிள்ளைகளில் பதினைந்தாவதாகப் பிறந்தவர் பெத்யூன். அந்தப் பள்ளி இன்றைக்கு பெத்யூன்-குக்மன் பல்கலைக்கழகமாக நிற்கிறது. இந்தக் கிளைக்காரர்கள் பை விற்று வாக்காளர் பதிவுக்கு மேசை வாடகை கட்டியிருக்கிறார்கள், ஒரு விதவைக்கு இரண்டு மாதம் கரி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், கல்லூரிக்குப் போன பெண் ஒருத்திக்கு ஒரு பெட்டியும் ஒரு மழைக்கோட்டும்.

ஏழாவது பெட்டியில் ஒரு செலவுச் சீட்டு: "மிசிசிப்பிப் பன்றிக்கு, 25 டாலர்." ஏதோ விருந்துச் செலவு என்று 'இதர' கோப்பில் போட்டுவிட்டேன். பெரியம்மாவிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். 1960-களின் கடைசியில் மிசிசிப்பியின் சன்ஃபிளவர் கவுண்டியில், ஓட்டுப் பதிவு செய்யப் போன கறுப்பினக் குடும்பங்களை நிலக்காரர்கள் வேலையை விட்டுத் துரத்திப் பட்டினி போட்டபோது, ஓட்டுரிமைக்காகப் போராடிய ஃபேனி லூ ஹேமர் என்ற கறுப்பினப் பெண் அங்கே ஒரு கூட்டுறவுப் பண்ணை கட்டினார். கவுன்சில் பன்றிகள் வாங்கிக் கொடுத்தது. சினைப்பன்றி ஒரு குடும்பத்துக்குப் போகும், ஈன்ற குட்டிகள் குடும்பத்துக்கு, தாய்ப்பன்றி திரும்பி வந்து அடுத்த குடும்பத்துக்கு உதவும். அதற்குப் பெயரே 'பன்றி வங்கி'. வட்டி குட்டி போடும் என்று நாம் சொல்வோம், இவர்கள் நிஜமாகவே குட்டி போடும் வங்கி நடத்தியிருக்கிறார்கள். 25 டாலர் சீட்டு இப்போது தனி உறையில் இருக்கிறது. ஒரு சீட்டு புரியவில்லை என்றால் 'இதர' என்று ஒதுக்காமல், 'கேட்க வேண்டியவை' என்று ஒரு கோப்பு போட்டு வாரம் ஒருமுறை பெரியவர்களிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். என்னிடம் இருந்த 'இதர' கோப்பில் பாதி இப்படித்தான் வெளியே வந்தது.

அந்தக் காலத்தில் கவுன்சிலின் தலைவர் டாரதி ஹைட். 1957-இல் பொறுப்பேற்று நாற்பது வருடம் நடத்தியவர். கல்லூரியில் இடம் கிடைத்தும், வருடத்துக்கு இரண்டு கறுப்பின மாணவிகள்தான், அந்த இரண்டும் நிரம்பிவிட்டது என்று பார்னார்ட் கல்லூரி திருப்பி அனுப்பியவர், அதனால் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1963 ஆகஸ்டில் கறுப்பின மக்களின் உரிமைக்காக நடந்த வாஷிங்டன் பேரணி மேடையில் உட்கார்ந்திருந்தார், ஆனால் முக்கியப் பேச்சாளர் வரிசையில் ஒரு பெண்கூட இல்லை. பெரியம்மாவின் கிளையிலிருந்து அன்று போன மூன்று பேர் இப்போதும் இருக்கிறார்கள். மூன்று பேருக்கும் இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை. "நாங்க ராத்திரி பூரா சாண்ட்விச் கட்டினோம், மைக் மட்டும் அவங்களுக்கு" என்றார் ஒருவர். அடுத்த வருடம் ஹைட்டும், கவுன்சிலில் வேலை பார்த்த பாலி கோவன் என்ற வெள்ளையினப் பெண்ணும் சேர்ந்து, வடக்கு நகரங்களிலிருந்து கறுப்பின, வெள்ளையினப் பெண்களைக் குழுக் குழுவாக மிசிசிப்பிக்கு அனுப்பினார்கள். செவ்வாய் போய் இறங்குவது, புதன் சிற்றூர்களுக்குப் போய்ப் பார்ப்பது, வியாழன் திரும்புவது. சமூக சேவை என்றால் போட்டோ எடுத்துக்கொண்டு போர்வை கொடுப்பது என்று நினைத்திருந்த எனக்கு, பக்கத்தில் உட்காரவே கூடாது என்ற ஊரில் சேர்ந்து போய் இறங்குவதும் சேவைதான் என்று புரிய நேரமாயிற்று.

அந்தச் சாண்ட்விச் பாட்டியால்தான் அடுத்த வம்பு. எட்டுப் பேரைச் செல்போனில் பேச வைத்துப் பதிவு செய்தேன். அந்தப் பாட்டி உற்சாகத்தில் தன் தங்கையின் பழைய விஷயம் ஒன்றைச் சொல்லிவிட்டார், நான் அதை அப்படியே எல்லாருக்கும் அனுப்பிய கோப்பில் சேர்த்துவிட்டேன். அந்தத் தங்கையின் பேத்தி என் வீட்டு வாசலுக்கே வந்தாள். அவள் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது: "உங்க வீட்டுக் கதைய நாங்க இப்படி எல்லாருக்கும் அனுப்பினா விடுவீங்களா?" நான் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவள் இல்லை என்பதையும் அவள் சொல்லாமல் சொன்னாள். கோப்பை எடுத்தேன், மன்னிப்புக் கேட்டேன், இன்றுவரை அவள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேச வைக்கும் முன்பே ஒரு பக்க ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்குங்கள். இந்தப் பதிவு யாருக்குப் போகும், எந்தப் பகுதியை எத்தனை வருடம் மூடி வைக்கவேண்டும், பிறகு மனம் மாறினால் என்ன செய்வது, மூன்றும் அதில் இருக்கட்டும். எழுத்து வடிவத்தைப் பேசியவரே படித்து அடித்துத் திருத்திய பிறகுதான் வெளியே விடவேண்டும்.

அழுத ராத்திரியைப் பற்றிச் சொன்னேனே, அது ஹார்ட் டிஸ்க். நாலு மாத ஸ்கேன் முழுக்க ஒரே டிஸ்கில். மென்பொருள்காரி, ஆபீசில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று நகல் வைக்கச் சொல்லி மற்றவர்களை விரட்டுகிறவள். மேசையிலிருந்து பூனை தள்ளிவிட்டது. மீட்டுத் தர 900 டாலர், அதிலும் எட்டாவது பெட்டி வரவே இல்லை, மறுபடி முதலிலிருந்து. இதற்குப் பாடம் என்று தனியாக எழுத வெட்கமாக இருக்கிறது. மூன்று நகல், ஒன்று வேறு வீட்டில்.

இதற்கு நடுவே வாஷிங்டன் வெர்மான்ட் அவென்யூ 1318-ஆம் எண் வீட்டுக்கு ஒருநாள் போனேன். 1943 முதல் 1966 வரை கவுன்சிலின் தலைமையகம், பெத்யூன் கொஞ்ச காலம் குடியிருந்த வீடு, இப்போது தேசியப் பூங்காத் துறை பராமரிக்கும் வரலாற்றுச் சின்னம். ஆகஸ்ட் வெயில், லீவு போட்டு, மெட்ரோ பிடித்து, மெக்பெர்சன் ஸ்கொயரில் இறங்கி நடந்தேன். போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, கவுன்சிலின் பழைய ஆவணங்கள் அங்கே இல்லை, லேண்டோவரில் பூங்காத் துறையின் சேமிப்பு மையத்தில் இருக்கின்றன என்று. லேண்டோவர் என் வீட்டிலிருந்து காரில் பதினைந்து நிமிடம்! அதுவும் முன்கூட்டியே எழுதி நேரம் வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும். எந்த ஆவணக் காப்பகமானாலும் முதலில் ஒரு மின்னஞ்சல் போடுங்கள், எந்தத் தொகுப்பு, எந்தப் பெட்டி வேண்டும் என்று அதிலேயே கேளுங்கள். அவர்கள் அனுப்பும் பெட்டிப் பட்டியலைப் படித்தாலே பாதி வேலை முடியும். நான் செய்த எல்லாத் தப்பையும் தவிர்க்கும் வழி அந்தப் பட்டியல் போட்டிருக்கும் விதத்திலேயே இருந்தது.

அந்த ஆவணங்கள் பிழைத்ததே பெரிய விஷயம். 1966 ஜனவரியில் அந்த வீட்டில் தீ. அதன்பிறகு கவுன்சில் வேறு இடம் போனது. 1979-இல் அதே வீட்டில் அருங்காட்சியகமும் கறுப்பினப் பெண்களுக்கான தேசிய ஆவணக் காப்பகமும் திறந்தார்கள். ஆனால் காகிதங்களைச் சேர்க்கவேண்டும் என்ற எண்ணம் அதற்கும் ரொம்ப முன்னாலேயே இருந்திருக்கிறது. அந்த வேலைக்கு முன்நின்றவர் சூ பெய்லி தர்மன், கவுன்சிலின் பத்திரிகை 1940-இல் தொடங்கியபோது முதல் ஆசிரியரும் அவர்தான். இதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். ஹார்லெமில் கவுன்சில் பிறந்த அந்த 1935 டிசம்பரில் சூ அமெரிக்காவிலேயே இல்லை. கணவர் ஹோவர்ட் தர்மனோடு இலங்கை, இந்தியா என்று சுற்றிக்கொண்டிருந்தார். கொழும்பில் இறங்கி, சென்னையும் பார்த்து, அடுத்த பிப்ரவரியில் பர்தோலியில் காந்தியைச் சந்தித்தார்கள். இதைப் பெரியம்மாவிடம் சொன்னபோது, "அப்போ உங்க ஊர்க் காத்து பட்டுத்தான் அந்த அம்மாவுக்குப் பேப்பர் சேர்க்கற பைத்தியம் பிடிச்சிருக்கு" என்றார். எங்கள் ஊரில் பழைய பேப்பரை எடைக்குப் போடுவார்கள் என்று அவரிடம் சொல்லவில்லை.

இப்போது நிலவரம். அமிலம் இல்லாத அட்டையில் செய்த பெட்டிகளும் உறைகளும் 280 டாலருக்கு வாங்கினேன், அந்த ஸ்கேனர் 230-ஐயும் இதையும் சேர்த்தால்தான் நான் முதலில் சொன்ன 510. பதினோரு பெட்டி இருந்தது ஒன்பதாகச் சுருங்கி, பெரியம்மா வீட்டு டைனிங் ரூமில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், ஜன்னல் வெயில் படாத சுவரோரமாக இருக்கிறது. உடனே ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று நான் துடித்தேன். உறுப்பினர்கள் ஒப்பவில்லை. ஒரு மூத்தவர் சொன்னார், கொடுத்த மறுநாளிலிருந்து எங்கள் நோட்டைப் பார்க்க நாங்களே அனுமதிக் கடிதம் எழுதவேண்டுமா என்று. அதனால் நன்கொடைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்கவேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதினோம். பதிப்புரிமை யாருக்கு, ஆண்டு விழாவுக்கு அசலைக் கடன் தருவார்களா, எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நகல் இலவசமா, எந்த உறையை எத்தனை வருடம் மூடிவைக்கலாம், அவர்களுக்கு வேண்டாததைக் குப்பையில் போடாமல் திருப்பித் தருவார்களா. இரண்டு நூலகங்கள் பதில் அனுப்பியிருக்கின்றன, இரண்டும் வேறு வேறு மாதிரி. அடுத்த சனிக்கிழமை கூட்டத்தில் ஓட்டெடுப்பு. நான் உறுப்பினர் இல்லை, எனக்கு ஓட்டு கிடையாது. போன தடவை கொண்டுபோன மெதுவடையை மட்டும் நாற்பது செய்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள், உளுந்துக்கு ரசீது வாங்கி வைக்கவும் சொன்னார் பொருளாளர்.